வாரம் இரண்டு பி.டி. பீரியடை வைத்துப் பிள்ளைகளின் உடம்பைத் தேற்ற முடியுமா?

மீனாட்சிபுரத்தாள் எழுதியது:

போன மாதம் பழனிக்குப் போயிருந்தோம். விஞ்ச் வேண்டாம், படியேறியே போகலாம் என்று சொன்னது என் மாமியார். அவருக்கு வயது 66. என் மகனுக்குப் பன்னிரண்டு, ஏழாம் வகுப்பு படிக்கிறான். பாதி மலை ஏறுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது தடவை முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, பேசவே முடியவில்லை. மாமியார் மேலே போய் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார்.

பயந்துபோய் மறுநாளே டாக்டரிடம் காட்டினோம். இதயம் நன்றாக இருக்கிறது, நுரையீரலில் ஒன்றுமில்லை, இரத்தமும் சரி. "பையன் ஓடி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இரண்டு வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவன் குண்டுப் பையன் கிடையாது. கை, கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் இருக்கும். காலையில் வேன், மாலையில் வேன், அப்புறம் டியூஷன். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். ஒன்றைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். இன்னொன்றில் என்ன செய்வாய் என்று கேட்டால், "நிற்போம்மா, பெரிய பசங்க விளையாடுவாங்க" என்கிறான்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். இதைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். என் கணவர், "பள்ளிக்கூடத்தில் எண்பது நிமிடத்தில் என்ன நடந்துவிடும், பேட்மிண்டன் கோச்சிங்கில் சேர்த்துவிடலாம்" என்கிறார். சேர்க்கலாம்தான். ஆனால் அவன் வகுப்பில் எல்லோராலும் மாதாமாதம் அந்தப் பணம் கட்ட முடியாது. பி.டி. பீரியடுக்காகச் சண்டை போடுவதில் பலன் உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆனைமலையான் எழுதியது:

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நம் உடம்பு தேறியது பி.டி. பீரியடாலா? நான் 80-களில் படித்தவன். பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் நடை, திரும்ப மூன்று கிலோமீட்டர். சாயங்காலம் கிட்டிப்புள், பச்சைக்குதிரை, இருட்டினால் ஓடிப்பிடித்தல். அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால்தான் வீட்டுக்கு. பி.டி. பீரியடில் நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் இருந்தோம், ஆனாலும் திடமாக இருந்தோம்.

போனது தெரு. தெருவில் இப்போது பைக்கும் காரும். காலி மனையெல்லாம் வீடாகிவிட்டது. அதையெல்லாம் ஒரு விசில் வைத்திருக்கும் வாத்தியார் வாரம் எண்பது நிமிடத்தில் திருப்பித் தர முடியுமா? பள்ளியின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

---

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

நான் உடற்கல்வி ஆசிரியர். டெல்டா பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி, 19 வருட சர்வீஸ். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வெளியில் யாரும் எங்களிடம் கேட்பதில்லை.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நடக்கிற மாதிரியே நடந்தால் பி.டி. பீரியடால் எந்தப் பிள்ளையின் உடம்பும் தேறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பீரியட் 40 நிமிடம். வகுப்பிலிருந்து வரிசையாக கிரவுண்டுக்கு வர ஐந்து நிமிடம். வருகை எடுத்து, வரிசையில் நிறுத்த ஐந்து. முடிந்ததும் கை கால் கழுவி, தண்ணீர் குடித்து, வகுப்புக்குத் திரும்ப இன்னும் ஐந்து. மிச்சம் 25. வகுப்பில் 55 பேர், கையில் இரண்டு வாலிபால், ஒரு கால்பந்து. ஒரு பிள்ளை உண்மையிலேயே மூச்சு வாங்க அசைவது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். இரண்டு பீரியடும் கடன் போகாமல் கிடைத்தாலும் வாரத்துக்கு இருபது நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், அதாவது வாரத்துக்கு 420 நிமிடம்.

இரண்டாவது, எங்களை எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். குறுவட்டப் போட்டி, மாவட்டம், பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு. எத்தனை கோப்பை, எத்தனை சான்றிதழ். அதற்குப் பள்ளி முழுவதிலும் நல்லா ஓடுகிற பதினைந்து, இருபது பேர் போதும். அவர்களோடுதான் என் நேரம் முழுக்கப் போனது. மற்ற நானூறு பேர் கை தட்டுகிறவர்கள். பத்து வருடம் அப்படித்தான் வேலை பார்த்தேன். எந்தத் தலைமையாசிரியரும் என்னிடம், "சார், ஓட முடியாத பையன் யாராவது இந்த வருடம் ஓட ஆரம்பித்தானா?" என்று கேட்டதில்லை.

மாற்றியது ஒரு சாதாரண விஷயம். 2019-இல் மத்திய அரசு கேலோ இந்தியா என்ற விளையாட்டுத் திட்டத்தின் பேரில் பள்ளிகளுக்கு ஒரு உடற்திறன் சோதனையைக் கொண்டுவந்தது. 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து குனிந்து கால்விரலைத் தொடுவது, புஷ்-அப், வயிற்றுப் பயிற்சி, உயரம், எடை. ஒரு வருடம் நானாகவே எட்டாம் வகுப்பு முழுவதையும் 600 மீட்டர் ஓடவிட்டேன். பாதிக்கு மேல் நடந்துதான் முடித்தார்கள். சிலர் முடிக்கவே இல்லை. இவர்கள் நகரத்துப் பிள்ளைகள் இல்லை, விவசாயக் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு பீரியடைக் கலைத்துப் போட்டேன்.

வரிசையில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். கிரவுண்டுக்கு வரும்போதே ஒரு சுற்று ஓடி வருவதுதான் வருகைப் பதிவு. சுண்ணாம்பால் கிரவுண்டை நான்காகப் பிரித்தேன். ஒரு கட்டத்தில் கயிறு தாண்டுதல், ஒன்றில் நான்கு பேருக்கு நான்கு பேர் கபடி, ஒன்றில் பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய டயர்களில் தாவுதல், ஒன்றில் கிளித்தட்டு. ஆறு நிமிடத்துக்கு ஒரு விசில், கட்டம் மாறும்.

முக்கியமான இன்னொரு மாற்றம்: "அவுட்" ஆனால் வெளியே போய் உட்காரும் விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்தினேன். யோசித்துப் பாருங்கள், யார் முதலில் அவுட் ஆகிறான்? எவனுக்கு ஓட்டம் ரொம்பத் தேவையோ அவன். அவனை முதல் நிமிடத்திலேயே உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே நல்லா ஓடுகிறவனைக் கடைசி வரை ஓடவிடுகிறோம். இது எனக்கே உறைக்கப் பத்து வருடம் ஆனது. இப்போது அவுட் ஆனவன் பத்து தோப்புக்கரணம் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவான்.

ஜூனில் தொடங்கினோம். நவம்பர் மழைக்கு முன்னால் மறுபடி 600 மீட்டர் வைத்தேன். நடந்தவர்கள் சிலர்தான். தங்கப்பதக்கம் யாரும் வாங்கவில்லை, அது என் நோக்கமும் இல்லை. ஆனைமலையான் ஐயா, நீங்கள் சொல்வது போல் தெருவைத் திருப்பித் தர என்னால் முடியாது. ஆனால் என் கிரவுண்டில் இருக்கும் பிள்ளையை நிற்க விடாமல் இருக்க முடியும்.

---

மீனாட்சிபுரத்தாள் எழுதியது:

சார், "நிற்போம்மா" என்று என் மகன் சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது. நன்றி. தனியார் பள்ளியில் இதை எப்படிக் கேட்பது என்று யோசிக்கிறேன்.

---

இயன்முறை எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட், கோவை. பள்ளிப் பிள்ளைகள் கழுத்து வலி, முதுகு வலி என்று வருவது அதிகமானதிலிருந்து இந்த விஷயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சரிவு உண்மையா, நம் மனப்பிரமையா என்று முதலில் பார்க்க வேண்டும். உண்மைதான். ஆஸ்திரேலியாவின் கிராண்ட் டாம்கின்சன் குழு 28 நாடுகளில் இரண்டரைக் கோடிப் பிள்ளைகளின் ஓட்டக் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, 2013-இல் முடிவைச் சொன்னது. முப்பது வருடத்துக்கு முந்தைய பிள்ளைகளை விட இப்போதைய பிள்ளைகள் ஒரு மைல் ஓட சுமார் 90 விநாடி அதிகம் எடுக்கிறார்கள். 2016 நிலவரப்படி உலகில் 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் போதுமான அளவு அசைவதில்லை. பெண்பிள்ளைகளில் அது 85 சதவீதம்.

சரி, பள்ளியால் முடியுமா? ஆனைமலையான் ஐயா பக்கம் ஒரு வலுவான சான்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் பிளிமத் நகரில் மூன்று பள்ளிகளின் பிள்ளைகள் உடம்பில் அசைவுமானி கட்டிப் பார்த்தார்கள். ஒரு பள்ளியில் வாரம் 9 மணி நேரம் உடற்கல்வி, மற்ற இரண்டிலும் இரண்டு மணி நேரத்தை ஒட்டி. நாள் முழுவதற்குமான அசைவைக் கூட்டினால் மூன்று பள்ளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பள்ளியில் அதிகம் ஆடியவர்கள் வீட்டில் குறைவாக ஆடினார்கள். 2003-இல் வந்த முடிவு அது.

கோக்ரேன் அமைப்பு 2021-இல் 89 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டபோதும், பள்ளித் திட்டங்களால் மொத்த அசைவு நேரம் பெரிதாகக் கூடவில்லை, எடையும் பெரிதாக இறங்கவில்லை என்றுதான் வந்தது. ஆனால் உடற்திறன், அதாவது இதயமும் நுரையீரலும் தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வலு, ஓரளவு கூடலாம் என்றும் வந்தது. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டும். எடை வேறு, திறன் வேறு. எடையைப் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டு தீர்மானிக்கிறது. திறனை மூச்சு வாங்கும் அந்த நிமிடங்கள் தீர்மானிக்கின்றன. மொத்த நிமிடம் அதே அளவில் இருந்தாலும், அதில் கடுமையாக ஓடிய நிமிடம் கூடினால் இதயம் பலப்படும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 60 நிமிடம் என்று சொல்லிவிட்டு, அதற்குள் வாரம் மூன்று நாளாவது கடுமையான அசைவும் தசை, எலும்பை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று தனியாகச் சொல்வது அதனால்தான்.

மீனாட்சிபுரத்தாள் அக்கா, உங்கள் மகன் ஒல்லியாக இருக்கிறான், வயிறு மட்டும் முன்னால் என்கிறீர்கள். நம் ஊரில் இது சகஜம். எடை சரியாகக் காட்டும், தசை குறைவாக இருக்கும், கொழுப்பு வயிற்றில் இருக்கும். தராசைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், பழனிப் படி சொன்னதையே நம்புங்கள்.

---

ஆனைமலையான் எழுதியது:

அப்படியானால் ஒரு நாடாவது பள்ளி மூலமாகச் சரிவைத் திருப்பியிருக்கிறதா? அதைச் சொல்லுங்கள். இருந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

---

இயன்முறை எழுதியது:

இருக்கிறது ஐயா. ஸ்லோவேனியா. நம் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் சின்னத் துண்டு, இருபது இலட்சம் பேர். அங்கே 1980-களிலிருந்து ஒவ்வொரு வருடமும் நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரையும் சோதிக்கிறார்கள். 600 மீட்டர் ஓட்டம் அதிலும் உண்டு. அவர்களுக்கும் சரிவு வந்தது. 2010-இல் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் கூடுதல் உடற்கல்வி வகுப்புகளைக் கொண்டுவந்தார்கள். தினம் ஒரு மணி நேரம் என்ற அளவுக்கு. அதற்கென்று தகுதியான உடற்கல்வி ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தார்கள். பிள்ளைகளின் திறன் மறுபடி ஏறியது, உடற்பருமனும் குறையத் தொடங்கியது. 2018-இல் அந்தத் திட்டம் முடிந்தது. பிறகு கொரோனா வந்து பள்ளிகளை மூடியதும் இறங்கியது பாருங்கள், அவர்கள் அளக்க ஆரம்பித்த காலத்திலிருந்து அப்படி ஒரு வீழ்ச்சியே இல்லை. அந்த வீழ்ச்சியும் ஒரு சான்றுதான். பள்ளி திறந்திருந்தபோது ஏதோ நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

ஸ்வீடனில் மால்மோ நகரத்தில் 1999-இல் ஒரு பள்ளியில் வாரம் 60 நிமிடமாக இருந்த உடற்கல்வியை தினம் 40 நிமிடமாக்கி, அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். எலும்பு வலுவானது. படிப்பும் கெடவில்லை. விசேஷமான பயிற்சி எதுவும் கிடையாது, சாதாரண ஓட்டமும் ஆட்டமும்தான். "தினம்" என்ற சொல்தான் வேலை செய்தது.

---

ஆனைமலையான் எழுதியது:

தினம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். வாரம் இரண்டு என்றால் என் நிலை மாறவில்லை.

---

பத்தாம்வகுப்பு_பி எழுதியது:

நான் கணக்கு ஆசிரியை. இந்த இழையில் பெயர் சொல்லாமல் சுட்டப்படுகிறவர்களில் ஒருத்தி. பதினொரு வருடமாகப் பி.டி. பீரியடைக் கடன் வாங்கியிருக்கிறேன், திருப்பிக் கொடுத்ததில்லை.

ஏன் வாங்கினேன் என்று சொல்கிறேன். பொதுத்தேர்வில் ஒரு பிள்ளை கணக்கில் தவறினால் தலைமையாசிரியர் அறையில் நான்தான் நிற்க வேண்டும். 600 மீட்டர் ஓட முடியாமல் போனதற்கு யாரும் எந்த அறையிலும் நிற்பதில்லை. பெற்றோரும், "டீச்சர், ஸ்பெஷல் கிளாஸ் வைங்க" என்றுதான் கேட்பார்கள். விளையாட்டு அமைச்சரே மேடையில், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் நானும் இரண்டு நாள் வாங்காமல் இருந்தேன். மூன்றாவது வாரம் ரிவிஷன் டெஸ்ட் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கு வந்த பி.இ.டி. மேடம் என்னிடம் நேராக வந்து, "டீச்சர், பீரியடை எடுத்துக்கோங்க. ஆனா கடைசிப் பத்து நிமிஷம் எனக்குக் கொடுங்க, நான் அவங்களை ஓடவிட்டு அனுப்புறேன்" என்றார். கொடுத்தேன். பிறகு அது பதினைந்தானது. ஓடி வந்து உட்கார்ந்த பிள்ளைகளை வைத்து அடுத்த பீரியட் எடுக்கும் ஆசிரியர் என்னிடம் வந்து, என்ன செய்தீர்கள், இன்று யாரும் தூங்கவில்லை என்றார். இப்போது முழுப் பீரியடையும் விட்டுவிட்டேன். ரிசல்ட் விழவில்லை. ஏறவும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். அப்படியே இருக்கிறது.

அந்தப் பதினொரு வருடத்தில் என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

---

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

டீச்சர், இதை எழுதியதற்கு உங்களுக்கு என் வணக்கம். 19 வருடத்தில் எந்தக் கணக்கு ஆசிரியரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

---

தேக்கா_மணி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. "சோதனை வையுங்கள், அளந்து பாருங்கள்" என்று எல்லோரும் சொல்வதைப் பார்த்து ஒரு எச்சரிக்கை சொல்லத் தோன்றியது.

இங்கே 1992 முதல் 2007 வரை பள்ளிகளில் "ட்ரிம் அண்ட் ஃபிட்" என்று ஒரு திட்டம் நடந்தது. எடை அதிகமான பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, இடைவேளையிலும் வகுப்புக்கு முன்பும் கூடுதலாக ஓடவிடுவார்கள். கணக்குப்படி அது வெற்றி. எடை மிகுந்த மாணவர்கள் சுமார் 14 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குக் கீழே வந்தார்கள். ஆனாலும் நிறுத்திவிட்டார்கள். அந்தத் திட்டப் பெயரின் சுருக்கமான TAF என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் FAT, அதாவது "குண்டு" என்று வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான் அந்த வரிசையில் நின்றவன். மற்றவர்கள் கேன்டீனில் உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிடும்போது நாங்கள் அவர்களைக் கடந்து ஓட வேண்டும். உடம்பு இளைத்தது உண்மை. ஆனால் ஓட்டம் என்றாலே எனக்குத் தண்டனை என்று ஆகிவிட்டது. இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையில், அதாவது இராணுவப் பயிற்சியில், ஓடியாக வேண்டும், ஓடினேன். அது முடிந்த நாளோடு நிறுத்தினேன். முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்த பிறகுதான் மறுபடி ஷூவைப் போட்டேன்.

இங்கே நாப்ஃபா என்ற உடற்திறன் சோதனை இன்றும் உண்டு, 2.4 கிலோமீட்டர் ஓட்டமும் அதில் சேர்த்தி. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் போன வருடத்து நேரத்தையும் இந்த வருடத்து நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பக்கத்து பெஞ்சுப் பையனின் நேரத்தோடு வைக்காதீர்கள். சுவரில் ஒட்டாதீர்கள்.

---

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

தம்பி, நான் முதல் வருடம் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, கடைசி இடத்தில் இருந்த பையன் அடுத்த வாரம் ஏன் வயிற்று வலி என்று லீவு எழுதினான் என்று விளங்குகிறது. இனி நோட்டில் மட்டும்தான்.

---

எறிபந்து_நிலா எழுதியது:

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். யாரும் பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. 85 சதவீதம் என்று ஒரு எண் மட்டும் கடந்துபோனது. அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் தெருவிலேயே வேகமாக ஓடுபவள் நான். ஏழாம் வகுப்பில் வயதுக்கு வந்தேன். அதற்குப் பிறகு பள்ளியில் பி.டி. பீரியட் என்றால் சுடிதார், துப்பட்டா, மேலே கோட். அதோடு ஓட முடியாது. மாதவிலக்கு நாளில் ஆண் ஆசிரியரிடம் என்ன சொல்வது? "உடம்பு சரியில்லை சார்" என்று சொல்லி மரத்தடியில் உட்காருவோம். ஒரு மாதம் உட்கார்ந்தவர்கள் அடுத்த மாதமும் உட்கார்ந்தோம். கழிப்பறை கிரவுண்டிலிருந்து தூரம், தண்ணீர் வராது. வீட்டிலோ வெயிலில் கறுத்துப்போவாய் என்பார்கள். பையன்கள் கிரவுண்டின் நடுவில் கிரிக்கெட் ஆட, எங்களுக்கு ஓரத்தில் ஒரு வளையம். எங்களைப் பார்த்து, பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று சொன்னார்கள். அப்படித்தான் நாங்களும் நம்பினோம்.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியை வந்தார். மூன்றே விஷயம் செய்தார். பி.டி. உள்ள நாளில் டிராக் பேன்ட், டி-ஷர்ட் போட்டு வரத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கினார். தன் அலமாரியில் நாப்கின் வைத்து, கேட்காமலே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாரம் ஒரு நாள் கிரவுண்டின் நடு இடம் எங்களுக்கு என்று எழுதி வாங்கினார். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் எங்கள் வகுப்பில் முப்பது பெண்களும் எறிபந்து ஆடினோம். நான் கல்லூரி அணியில் இருப்பது அவரால்.

உடற்திறன் குறைந்தது என்று சொல்வதற்கு முன்னால் யார் எங்களை உட்கார வைத்தது என்றும் கேளுங்கள்.

---

பத்தாம்வகுப்பு_பி எழுதியது:

நிலா, நாளைக்கே எங்கள் பள்ளியில் அலமாரி விஷயத்தைக் கேட்கிறேன்.

---

கரிசல்மண் எழுதியது:

விளாத்திகுளம் பக்கம் நான். எங்கள் பிள்ளைகளுக்கு வேறு பிரச்சினை. வயிறு. காலையில் வெறும் வயிற்றோடு வந்து பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த பிறகு சின்னப் பிள்ளைகளிடம் அது குறைந்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் இன்னும் மதியச் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். பதினொன்றரை மணிப் பீரியடில் அவர்களை ஓடவிட்டால் என்ன ஆகும்?

இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஐந்தாவது சுற்றில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. ஆக்சிஜனைத் தூக்கிப்போகும் பொருளே இரத்தத்தில் குறைவாக இருந்தால், எத்தனை சுற்று ஓடினாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும். வாரம் ஒன்று பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள், குமட்டுகிறது என்று. சாப்பிட்ட பிறகு, ஆசிரியர் முன்னாலேயே விழுங்க வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்று. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரே கிடையாது. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. ஓடவும் தாவவும் பிடிக்கவும் எறியவும் உடம்பு கற்றுக்கொள்கிற வயதே அதுதான். 2012-இல் அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், இசை எல்லாம் சேர்த்து. மாதம் 5,000 ரூபாய், வாரம் மூன்று அரை நாள். கொஞ்சம் ஏற்றினார்களே தவிர, பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் போராடுவது நிற்கவில்லை. குடும்பம் நடத்த முடியாத சம்பளத்தில் வைத்துக்கொண்டு அவர்களிடம் ஸ்லோவேனியாவைக் கேட்கக் கூடாது.

---

இயன்முறை எழுதியது:

கரிசல்மண் அண்ணா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஓட ஆரம்பித்த பிறகும் ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் முன்னேற்றமே இல்லையென்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளிக்கு ஒரு யோசனை. ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் என்ற ஊரில் 2012-இல் எலைன் வைலி என்ற தலைமையாசிரியை தொடங்கியது. தினமும் 15 நிமிடம், வகுப்பு ஆசிரியரே பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், அவரவர் வேகத்தில் ஓடவோ நடக்கவோ விடுவது. சீருடை மாற்ற வேண்டாம், பந்து வேண்டாம், போட்டி கிடையாது. நம் ஊருக்குக் காலை பிரேயர் முடிந்த கையோடு செய்வது பொருந்தும், வெயில் ஏறியிருக்காது. இது உடற்கல்விக்கு மாற்று ஆகாது, எறிவதையும் பிடிப்பதையும் கற்றுத்தர ஆள் வேண்டும்தான். ஆனால் ஆள் வரும் வரை பிள்ளை வளராமல் காத்திருக்காதே.

---

ஆனைமலையான் எழுதியது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். தெருதான் எங்களை வளர்த்தது என்று எழுதினேன். நிலாவின் பதிவைப் படித்த பிறகு என் தங்கையை நினைத்துக்கொண்டேன். அந்தத் தெருவில் பன்னிரண்டு வயதுக்கு மேல் அவள் விளையாடியதாக எனக்கு நினைவே இல்லை. நான் பேசிய தெரு எனக்கு மட்டும் இருந்த தெரு. பள்ளி கிரவுண்ட் என்றால் அவளுக்கும் அதில் பங்கு கேட்க முடியும்.

எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கிரவுண்டில் கட்டட மணல் கொட்டிவைத்து எட்டு மாதமாகிறது. அதை அள்ளவைப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

---

மீனாட்சிபுரத்தாள் எழுதியது:

பெற்றோர் கூட்டம் முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நான்கு அம்மாக்களிடம் தனித்தனியாகப் பேசினேன். பிறகு ஐந்து பேராகச் சேர்ந்து கேட்டோம். பீரியடைக் கடன் கொடுக்காதீர்கள் என்று கேட்டபோது முதல்வர் சிலபஸ் என்றார். உடனே இரண்டு அப்பாக்கள் அவர் பக்கம் பேசினார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் குரல் நடுங்கிவிட்டது. பிறகு கணக்கு டீச்சர் இங்கே எழுதியதைச் சொன்னேன், ரிசல்ட் விழவில்லை என்று. யார், எந்தப் பள்ளி என்றெல்லாம் சொல்லவில்லை. சற்று நேரம் யாரும் பேசவில்லை.

கிடைத்தது இது: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை இரண்டு பி.டி. பீரியடையும் தொடக்கூடாது. வாரம் நான்கு நாள் பிரேயருக்குப் பிறகு 15 நிமிடம் ஓட்டம், மார்ச் வரை சோதனையாக. ஒன்பது, பத்துக்கு இல்லை என்றுவிட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு டிராக் பேன்ட் கேட்டேன், நிர்வாகத்திடம் பேசுகிறேன் என்றார். விட மாட்டேன், மறுபடி கேட்பேன்.

பி.டி. சார் இளைஞர். சுண்ணாம்புக்கோடு சாரின் நான்கு கட்ட முறையை எழுதி எடுத்துப்போய்க் கொடுத்தேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர், "மேடம், என்கிட்ட பந்து இரண்டுதான் இருக்கு, இதுக்குப் பந்தே வேண்டாமே" என்று வாங்கிக்கொண்டார்.

மகன் முதல் வாரம் அழுதான். மூன்றாவது வாரம், "ஒரு சுற்று நடக்காம ஓடினேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். நான் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம் சார். அடுத்த மாதம் மழை பிடித்துவிடும், எங்கள் கிரவுண்ட் சேறாகிவிடும். அப்போது என்ன செய்வது?

---

சுண்ணாம்புக்கோடு எழுதியது:

டெல்டாக்காரனிடம் மழையைப் பற்றிக் கேட்டீர்கள், நல்லது. வராந்தா போதும். ஆளுக்கொரு கயிறு வேண்டாம், இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் முப்பது எண்ணும் வரை தாண்டட்டும், மற்றவர் எண்ணட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். கயிறு தட்டினால் அங்கிருந்தே தொடரட்டும், பூஜ்யத்துக்குப் போக வேண்டாம். வகுப்புக்குள் என்றால் பெஞ்சைத் தள்ளிவிட்டு, நின்ற இடத்தில் ஓட்டம், தோப்புக்கரணம், சுவரில் கைவைத்துப் புஷ்-அப், மாறி மாறி. ஈரத் தரையில் மட்டும் ஓடவிடாதீர்கள், வழுக்கும். நைலான் கயிறு வாங்காதீர்கள், காலில் அடிபட்டால் சுரீர் என்று எரியும். பருத்திக் கயிறு மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளை அதன் நடுவில் காலை வைத்து நின்றால் இரண்டு நுனியும் அக்குள் வரைக்கும் வர வேண்டும், அதுதான் அளவு.

---

மீனாட்சிபுரத்தாள் எழுதியது:

குறித்துக்கொண்டேன் சார். ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு கயிறு வாங்கப் போகிறேன்.